பினாங்குப் பயணத்தில் கடைசி வண்டி

மகனே,

நேற்று சாப்பாட்டு மேசையில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா, வர்றீங்களா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க லா. எல்லாருக்கும் நான் சொல்லணும்" என்றாய். நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போய்விட்டேன். இந்தப் புக்கிட் மேரா அடுக்குமாடியில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அந்த நீளமான நடைபாதைதான். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நான் நடப்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி தன் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். இன்றும் நடந்தேன். கீழே என் கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். நின்றது. மறுபடி நடந்தேன். வாயால் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். கப்பல் கம்பெனியில் இத்தனை வருஷமாக மற்றவர்கள் கையெழுத்துப் போடுவதற்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். இதில் கையெழுத்தும் என்னுடையதாக இருக்கட்டும். இதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். உன்னோடு கார் ஓட்டி வருகிற நண்பர்களுக்கு வாசித்துக் காட்டு. உன் தாமு மாமாவுக்கும் காட்டு. அவனுக்குக் கட்டாயம் காட்டு.

நீ நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பினாங்கு வரைக்கும் காரில் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. உனக்கு இருபத்திரண்டு வயதாகிறது, வேலைக்குப் போகிறாய், அந்தச் சின்ன மினி காரை உன் சம்பளத்தில் வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்துக்கொண்டு நீ எதையோ கழற்றி எதையோ மாட்டுவதைப் பார்க்கும்போது, அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னைத் தட்டிலிருந்து எழ வைத்தது அடுத்து நீ சொன்னது. "தாமு மாமாவும் அவரு வண்டியோட வர்றாரு, சேர்த்து அஞ்சு கார்" என்றாய், உப்பு எங்கே என்று கேட்கிற குரலில். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் ரசத்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டே, "நான் தம்பி வண்டியில போறேன்" என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. இன்று காலை பார்த்தேன், அலமாரிக்கு மேலிருந்த பெட்டி கட்டிலுக்குக் கீழே வந்திருக்கிறது.

நாம் முன்பு ஒரு தடவை பினாங்குக்குப் புறப்பட்டபோது உனக்கு எட்டு வயது. நீ காரில் இருந்தாய், ஆனால் அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. ஐம்பதுகளின் நடுவில் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் சனிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் கூடுவோம். கார் வைத்திருந்த தமிழர்கள். ஒரு வக்கீல், ஒரு பல் மருத்துவர், நகைக்கடைக்காரர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்த உன் தாமு மாமா, நான். வக்கீலிடம் இருந்தது நீலநிறத்தில் ஒரு பெரிய அமெரிக்க வண்டி. பல் மருத்துவருக்கும் நகைக்கடைக்காரருக்கும் நடுத்தர வண்டிகள். தாமு கல்யாணமாகாதவன். நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு வண்டி வைத்திருந்தான். எல்லாவற்றிலும் சின்னதும் பழையதும் என்னுடையதுதான். ஆனால் அதன் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். காப்பி ஆறிப்போகும் வரைக்கும் கார்ப்புரேட்டரைப் பற்றிப் பேசுவோம். அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாரும் குடும்பத்தோடு வரிசையாகப் பினாங்குக்குப் போவோம் என்ற யோசனை வந்தது. தலைவர் வக்கீல்தான் என்று பேச்சே இல்லாமல் முடிவானது. செயலாளர் யார் என்று கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலை இருக்கிற பதவிக்கு ஆள் தேடினால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். என் ஆபீஸிலும் அப்படித்தான். வேலைக்கு நான், உயர்வுக்கு வேறொருவர்.

நான் திட்டம் போட்டேன். நன்றாகவே போட்டேன். அது சாதாரணக் காலமில்லை. ஜொகூரின் ரப்பர்க் காடுகளில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்தார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடி. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்பதால் அந்தப் பகுதிகளில் காரில் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. புளிச்சோற்றுப் பொட்டலம்கூடப் பறிபோகும். சில ஊர்களில் பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. ஆகவே எந்த ஊரில் சாப்பிடுவது, எங்கே பெட்ரோல் போடுவது, இருட்டுவதற்குள் எந்த ஊருக்குள் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நான் விசாரித்து வைத்தேன். ஜாலான் புசார் கடைகளில் ஏறி இறங்கி இழுவைக் கயிறும் விசிறிப் பட்டையும் தண்ணீர்த் தகரமும் வாங்கினேன். இதையெல்லாம்விட முக்கியமாக ஒரு விதி சொன்னேன். மெதுவாகப் போகிற வண்டி முதலில் போக வேண்டும். அதற்குப் பின்னால் அதைவிட வேகமானது. கடைசியில் எல்லாவற்றிலும் பலமான வண்டி. அப்படிப் போனால் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. முன்னால் போகிற ஒவ்வொருவனும் தன் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தெரியவில்லையென்றால் நிற்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கண்ணாடியைப் பார்க்கிற பழக்கம் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்காக எல்லாரையும் சுவா சூ காங் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். அன்று அந்தப் பக்கம் பன்றிப் பண்ணைகளும் தென்னந்தோப்புகளும் செம்மண் ரோடும்தான். என் சின்ன வண்டி முதலில், வக்கீலின் நீல வண்டி கடைசியில். ஒரு வளைவில்கூட யாரும் பிரியவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஒரு தென்னைமரத்தடியில் நிறுத்தி இறங்கினால், வக்கீல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார். துடைக்கத் துடைக்கக் கைக்குட்டை சிவக்கிறது.

"என்ன சார், பினாங்கு வரைக்கும் உங்க வண்டி கிளப்புற மண்ணைத் தின்னுக்கிட்டே வரணுமா?"

"டிரங்க் ரோடு தார் ரோடு சார். அங்க மண் இருக்காது."

"மண்ணு இல்லாட்டிப் புகை இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தாமு கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை மாடியில் கூடியபோது காரியம் முடிந்துவிட்டது தெரிந்தது. நகைக்கடைக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "தலைவர் வண்டி கடைசியில வந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? கோலாலம்பூர்ல நம்மள வரவேற்க ஆள் வர்றாங்க. முதல்ல இறங்குறது யாரு? இவரு செகரட்டரியா?" மரியாதை என்ற சொல் வந்தது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடாது. உனக்குச் சொல்கிறேன், நம் ஆட்களுக்கு மேடையில் நாற்காலி போடத் தெரிந்த அளவுக்கு ரோட்டில் கார் நிறுத்தத் தெரியாது. தலைவர் நடுவில், பிரமுகர்கள் இரண்டு பக்கமும், நன்றியுரை சொல்கிற செயலாளர் ஓரத்தில். அதே வரிசையை எடுத்து ரோட்டில் வைத்தார்கள். வக்கீல் முதலில், பல் டாக்டர் அடுத்து, நகைக்கடை, பிறகு தாமு, கடைசியில் நான். எல்லாவற்றிலும் வேகமான வண்டி முன்னால், எல்லாவற்றிலும் மெதுவான வண்டி பின்னால். நான் எழுந்து வந்துவிட்டேன். கூட்டத்தின் பாதியில் எழுந்து வந்தது உண்மைதான், காரணத்தோடுதான் வந்தேன். மறுநாள் தாமு வீட்டுக்கு வந்து, "அத்தான், வாங்க. நான் உங்களுக்கு முன்னாடிதானே போறேன். நான் பாத்துக்கிறேன்" என்றான். உன் அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

புறப்பட்ட நாளில் ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டிக் குலாய் வருவதற்குள்ளேயே இடைவெளி விழ ஆரம்பித்துவிட்டது. நான் ஹார்ன் அடித்தேன். தாமு கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தான். கொஞ்ச தூரத்தில் மறுபடி ஓடினான். மறுபடி அடித்தேன். ஆயர் ஹீத்தாம் வரைக்கும் இதே கதை. அடிக்காமல் என்ன செய்வது? விதியை மீறுகிறவனுக்கு வேறு எப்படிச் சொல்வது? உன் அம்மா, "அவன்தான் கை காட்டுறானே, எதுக்கு இத்தனை தடவை?" என்றாள். நீ பின்னால் உட்கார்ந்து ஹார்ன் சத்தத்தை வாயாலேயே அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

யோங் பெங் தாண்டி லாபிஸ் போகிற வழியில், இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நெருங்கி நிற்கிற இடத்தில், எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற ரப்பர்க் குழாய் வெடித்தது. முன்கண்ணாடி முழுக்க ஆவி. ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓரம் கட்டினேன். ஆவி விலகியபோது தாமுவின் வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு கணம் தெரிந்தது, மறைந்தது. விசிறிப் பட்டை இரண்டு வைத்திருந்தேன். குழாய் வைத்திருக்கவில்லை. துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. சாப்பிட எதுவும் இல்லை, கொண்டுவரக் கூடாது என்று சொன்னவனே நான்தான். உன்னைக் காரை விட்டு இறங்கவிடவில்லை. உன் அம்மா மட்டும் இறங்கி ரோட்டோரம் நின்றாள். "உள்ள வந்து உட்காரு" என்றேன். "தம்பி வருவான். நம்ம வண்டியைக் கவனிக்காமப் போயிடப் போறான்" என்றாள். அந்த வளைவைப் பார்த்தபடியே நின்றாள். வெயில் இறங்க இறங்க மரங்களின் நிழல் நீண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது. அவள் நகரவில்லை. மரங்களுக்குள் ஏதாவது சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். அவள் அதற்கும் திரும்பவில்லை.

கடைசியில் அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டு வடக்கேயிருந்து வந்த ஒரு சீனர் லாரியை நிறுத்தினார். என் கயிற்றாலேயே கட்டி, ஊரடங்குக்கு முன்னால் யோங் பெங் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டார். மறுநாள் குழாய் கிடைத்தது. மாட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்பினோம். மற்றவர்கள் பினாங்கு வரைக்கும் போய், கடற்கரையில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வந்தார்கள்.

அவர்கள் வந்த பிறகு நான் அந்த மாடிக்குப் போனேன். ஒருவராவது எழுந்து வந்து கையைப் பிடிப்பார்கள் என்று நினைத்துப் போனேன். வக்கீல் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வாங்க சார், கோபம் தீர்ந்துச்சா?" என்றார். எனக்குப் புரியவில்லை. நகைக்கடைக்காரர் விளக்கினார். "செகாமட்ல சாப்பிட உட்கார்ந்தப்போதான் உங்களைக் காணோம்னு தெரிஞ்சுது. நீங்கதான் கூட்டத்துலயே எழுந்து போறவராச்சே, பாதி வழியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டீங்கன்னு நெனச்சோம்." நான் தாமுவைப் பார்த்தேன். "ஹார்ன் கேக்கலையா உனக்கு?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கேட்டுச்சு அத்தான். காலையிலிருந்து அடிச்சிக்கிட்டே இருந்தீங்களா, மறுபடியும் திட்டுறீங்கன்னு நெனச்சேன்." மாடி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று இறங்கியவன் அந்த மாடிக்கு மறுபடி ஏறவில்லை. தாமுவையும் வீட்டுக்குள் விடவில்லை. அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் பிள்ளைகளை உன் அம்மா கோயிலில் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குப் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பூ விலை ஏறிவிட்டது என்று மட்டும் என்னிடம் சொல்வாள்.

இதை நான் மறக்க வேண்டும் என்று நீ சொல்கிறாய். "அது எப்போவோ நடந்தது லா" என்கிறாய். அன்று ஒரே நாடு போலப் போய்வந்த பாலத்தைத் தாண்ட இன்று கடவுச்சீட்டு கேட்கிறார்கள். நாடுகளே இத்தனை சீக்கிரம் பிரிந்துவிடுகிற காலத்தில் ஒரு மனிதன் தன் கோபத்தை வைத்துக்கொண்டிருந்தால் என்ன? வண்டி நின்றதற்கு நான் யார்மேலும் கோபப்படவில்லை. வண்டி என்றால் நிற்கும். திரும்பிப் பார்க்காததற்குக்கூடக் கோபம் ஒரு அளவுக்குத்தான். காணாமல் போனவன் ஆபத்தில் இருப்பான் என்று நான்கு கார்க்காரர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லையே, கோவித்துக்கொண்டிருப்பான் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மனைவியையும் எட்டு வயதுப் பிள்ளையையும் காரில் வைத்துக்கொண்டு, அந்தக் காட்டு ரோட்டில் கோபத்துக்காகத் திரும்புகிறவன் என்று என்னை நினைத்தார்கள். கூடவே காப்பி குடித்தவர்கள். கூடப் பிறந்தவளைக் கட்டிக் கொடுத்தவன்.

இன்று காலை உன் அம்மா பெட்டிக்குள் புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"அன்னிக்கு ரோட்டோரத்துல நீ நின்னது எனக்கு மறக்கலை. உனக்காகத்தான் நான் இத்தனை வருஷமா அவன்கூடப் பேசலை" என்றேன்.

"நான் கேட்டேனா?"

"நீ கேட்கணுமா?"

அவள் புடவையின் மடிப்பைக் கையால் நீவினாள். "அன்னிக்கு அவன் வரல. சரி. அதுக்கப்புறம் எத்தனை தடவை வந்தான்? தீபாவளிக்கு வந்தான். நம்ம பிள்ளைக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டு வந்தான். நீங்கதானே கதவைத் தெறக்கல. உள்ள நின்னு அவன் செருப்பு சத்தம் கீழ எறங்குறதைக் கேட்டுக்கிட்டே இருந்தேங்க. ரோட்டோரத்துல நின்னதைவிட அதுதான் எனக்குப் பெருசு."

நான் நடைபாதைக்கு வந்தேன். கிழவி நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் நண்பர்களில் யார் அப்பா பெரிய ஆள், யார் வண்டி புதிது என்று பார்த்து வரிசை போடாதே. மெதுவான வண்டி முன்னால் போகட்டும். அவன் வெட்கப்பட்டாலும் போகட்டும். பலமான வண்டிக்காரனிடம், கடைசியில் வருவதுதான் காவல் என்று சொல். கேட்காவிட்டால் அவன் இல்லாமல் போ. ரப்பர்க் குழாய் இரண்டு எடுத்து வை. ஹார்னைக் கொஞ்சமாக அடி. இதை நான் சொல்வதைக் கேட்டு உன் அம்மா சிரிப்பாள், சிரிக்கட்டும். ஒருவனைக் காணவில்லையென்றால் அவன் குணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கும் முன்னால் வண்டியைத் திருப்பு. அவன் கோவித்துக்கொண்டுதான் போயிருக்கிறான் என்று கண்டுபிடித்தால் அப்போது திட்டிக்கொள்ளலாம். போய்ப் பார்த்த பிறகு திட்டு. வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அதற்கான தகுதி எனக்கு இல்லை என்று உங்கள் இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நான் வருகிறேன். உன் அம்மா அவள் தம்பி வண்டியில் முன்சீட்டில் உட்காரட்டும். என் வண்டியை நேராக அவன் வண்டிக்குப் பின்னால் போடு, வேறு யார் வண்டியும் நடுவில் வரக் கூடாது. பினாங்கு வரைக்கும் அவன் தன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். சாப்பிட நிறுத்துகிற இடத்தில் அவனோடு பேசு என்று என்னை யாரும் தள்ளாதீர்கள். பேசத் தோன்றினால் நானே பேசுவேன், தோன்றாவிட்டால் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்பா மன்னித்துவிட்டார் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. ஆறாவது கார் வருகிறது என்று சொல், போதும்.

உன் அப்பா